ஜேம்ஸ்டவுனும் வில்லியம்ஸ்பர்க்கும் ஒரே நாளில்: குழுவாகப் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் என்ற மூன்று வரலாற்று ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இங்கே கிளம்புவது வழக்கம். போகிறவர்களில் பாதிப் பேர் நிறைய நடந்து, கொஞ்சம் பார்த்து, யாரோடும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தத் தளங்களில் கட்டடங்களைவிட ஆட்கள்தான் முக்கியம். அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்துக் கருவிகளோடு நிஜமாகவே இரும்படிக்கிறார்கள், அச்சடிக்கிறார்கள், துணி தைக்கிறார்கள். நின்று கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் நின்று பேச நேரம் மிச்சப்படுத்துவதற்காகவே. வாஷிங்டன் சுற்றுவட்டாரத்திலிருந்து 20 முதல் 30 பேர் ஒரே நாளில் போய்த் திரும்புவதாக வைத்து எழுதியிருக்கிறோம். ரிச்மண்டிலிருந்து போகிறவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

## 1. எத்தனை இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு நாளில் மூன்று ஊரையும் பார்க்க நினைக்காதீர்கள். குழுவாக ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, ஆளை எண்ணி, கழிப்பறை போய், டிக்கெட் காட்டி உள்ளே நுழையவே நாற்பது நிமிடம் ஆகிவிடும். மூன்று இடம் என்றால் இரண்டு மணி நேரம் வாசலிலேயே போய்விடும்.

காலையில் ஜேம்ஸ்டவுன், மதியத்துக்கு மேல் வில்லியம்ஸ்பர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய கோட்டையைப் பார்த்துவிட்டு, 1770-களின் தலைநகரத்துக்கு வந்தால் கால வரிசையும் குழந்தைகள் மனதில் ஒழுங்காக நிற்கும். யார்க்டவுனை இரவு தங்கும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழுவில் எழுபது வயதைக் கடந்தவர்களோ தள்ளுவண்டிக் குழந்தைகளோ நிறைய இருந்தால் வில்லியம்ஸ்பர்க் மட்டும் போதும். அதற்கே ஒரு முழு நாள் தாராளமாகச் செலவாகும்.

## 2. மாதமும் கிழமையும்

ஏப்ரல், மே, செப்டம்பர் பின்பாதி, அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். பிற்பகலில் இடி மழையும் வரும். ஊரிலிருந்து வந்தவர்கள் ‘இதெல்லாம் ஒரு வெயிலா’ என்று தொப்பியை வேண்டாம் என்பார்கள். நிழலில்லாத தெருவில் மூன்று மணி நேரம் நிற்கப் போகிறார்கள், வற்புறுத்திக் கொடுங்கள்.

வசந்த கால வார நாட்களில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். ஞாயிறு மாலை ஐ-95 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிய நெரிசல் சாதாரணமானதல்ல. சனிக்கிழமைக்குத் திட்டமிடுவதுதான் உத்தமம்.

## 3. டிக்கெட்: பெயர்க் குழப்பத்தில் சிக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட். இது மாநில அரசின் அருங்காட்சியகம். மீட்டுருவாக்கிய பழங்குடி ஊர், கோட்டை, கப்பல்கள், உடையணிந்த ஆட்கள் எல்லாம் இங்கேதான். மற்றொன்று, ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன். குடியேறியவர்கள் உண்மையில் வாழ்ந்த தீவு அதுதான். அங்கே அகழாய்வும் பழைய தேவாலயக் கோபுரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் வேறு வேறு டிக்கெட். ஜிபிஎஸ்ஸில் வெறும் ஜேம்ஸ்டவுன் என்று போட்டால் பாதிக் கார்கள் ஓர் இடத்திலும் மீதிக் கார்கள் இன்னோர் இடத்திலும் போய் நிற்கும். முழுப் பெயரோடு வரைபட இணைப்பை எல்லோருக்கும் முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு நமக்கு வேண்டியது செட்டில்மென்ட்.

தேசியப் பூங்காக்களின் வருடாந்திர அட்டை செட்டில்மென்ட்டிலும் செல்லாது, வில்லியம்ஸ்பர்க்கிலும் செல்லாது. இரண்டுமே தேசியப் பூங்காத் துறையின் கீழ் இல்லை.

வில்லியம்ஸ்பர்க் தெருக்களில் டிக்கெட் இல்லாமலே நடக்கலாம். அதைக் கேள்விப்பட்டு ‘டிக்கெட் எதற்கு’ என்று சிலர் வாங்காமல் வருவார்கள். பட்டறைகளுக்குள்ளும் ஆளுநர் மாளிகைக்குள்ளும் நுழைய டிக்கெட் வேண்டும். குழுவில் பாதிப் பேரிடம் டிக்கெட் இருந்து, பாதிப் பேரிடம் இல்லையென்றால் ஒவ்வொரு வாசலிலும் குழு இரண்டாக உடையும். எல்லோருக்கும் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த நாளைத் தெருவோடு முடித்துக்கொள்ளுங்கள்.

குழுக் கட்டணத்துக்கு இரண்டு இடங்களிலும் தனித்தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். குறைந்தது எத்தனை பேர், எத்தனை நாள் முன்னால் என்பதை அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். ஒரு மாதம் முன்பே எழுதிக் கேட்டுவிட்டால் அவசரம் இருக்காது. அப்போதே மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: பேருந்து எங்கே நிற்கலாம், கொண்டுவந்த சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், சக்கர நாற்காலி கிடைக்குமா.

## 4. வண்டியும் புறப்படும் நேரமும்

வாஷிங்டனிலிருந்து வில்லியம்ஸ்பர்க் சுமார் 150 மைல். தடையில்லாமல் போனால் இரண்டே முக்கால் மணி நேரம். ஆனால் கோடைச் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகிற கூட்டமும் அதே சாலையில்தான் வரும். காலை 5:45-க்கு வண்டி நகர வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டிருப்பீர்கள், ஒன்பது மணிக்குப் போய்ச் சேர முடியாது.

ஐந்து கார்களைவிட ஒரு சிறு பேருந்து நல்லது. கார்கள் என்றால் ஒன்று தாமதித்தாலும் மற்ற நான்கும் காத்திருக்கும். மேலும், மொத்தக் குழுவுக்கும் பின்னணி சொல்ல வண்டிதான் ஒரே இடம். அதை எட்டாம் படியில் சொல்கிறோம்.

ஜேம்ஸ்டவுனையும் வில்லியம்ஸ்பர்க்கையும் யார்க்டவுனையும் இணைக்கும் 23 மைல் கலோனியல் பார்க்வே அழகான சாலைதான். அதில் பெட்ரோல் பங்க் கிடையாது, வேகமும் குறைவு. பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடியும் வைப்பார்கள். பேருந்தில் போனால் அனுமதி விஷயத்தை ஓட்டுநர் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 199-ஆம் சாலையில் போய்விடுங்கள்.

## 5. சாப்பாடு

கையில் கட்டிக்கொண்டு போவதே குழுவுக்கு நல்லது. 25 பேர் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து எழுந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

காலைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, ஆளுக்கு மூன்று, வண்டியிலேயே. மதியத்துக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வெயிலைத் தாங்கும். தயிர்சாதம் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டிக்குள் இருக்கட்டும். மூடிய காரில் நான்கு மணி நேரம் இருந்தால் புளித்துப்போவதோடு நிற்காது, கெட்டே போய்விடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது, தவிர நிரப்பிக்கொள்ளக் காலிப் புட்டி. குப்பைப் பை நான்கு.

வில்லியம்ஸ்பர்க்கின் பழைய பாணி விடுதிகளில் சாப்பிட ஆசையிருந்தால் முன்பதிவு கட்டாயம். அங்கே பேர் பெற்ற வேர்க்கடலை சூப் பார்வைக்குச் சைவம் மாதிரி இருக்கும். அதன் வழக்கமான செய்முறையில் அடிப்படை பெரும்பாலும் கோழிச் சாறுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் வாயில் வைப்பதற்குமுன் கேட்டுவிடுங்கள்.

## 6. காலணி, உடை, பை

இரண்டு இடத்திலும் செங்கல் பாவிய நடைபாதை, சிப்பி ஓடும் சரளையும் கொட்டிய பாதை, வில்லியம்ஸ்பர்க்கில் குதிரைச் சாணமும். சாதாரணச் செருப்பு சரிப்படாது, விரலை மூடிய ஷூ வேண்டும். புடவை கட்டிக்கொண்டு நடப்பதில் சிரமமில்லை, கப்பலின் செங்குத்துப் படிகளில் இறங்கத்தான் சிரமம். கப்பலுக்குள் போக விரும்பும் அம்மாக்கள் சுடிதாரில் வரட்டும்.

கோடையில் வந்தால் குழந்தைகளுக்கு ஒரு செட் மாற்றுத்துணியும் பழைய துண்டும் தனியாக எடுங்கள். வில்லியம்ஸ்பர்க் செங்கல் சூளைக் களத்தில் கோடை மாதங்களில் களிமண்ணைக் காலால் மிதிக்கப் பார்வையாளர்களையும் விடுவார்கள். முழங்கால்வரை சேறு ஆகும். மாற்றுத்துணி இல்லாததால் ‘வேண்டாம், வா’ என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்த நாளிலேயே அவர்கள் மறக்காத விஷயம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

## 7. முந்தைய இரவே குழுவைப் பிரித்துவிடுங்கள்

25 பேர் ஒன்றாகப் பட்டறைக்குள் நுழைய முடியாது. பல அறைகளில் பத்துப் பேர் நின்றாலே பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது, காதிலும் விழாது. ஐந்து அல்லது ஆறு பேராகப் பிரியுங்கள்.

ஒவ்வொரு சிறு குழுவிலும் ஒரு பொறுப்பாளர், நன்றாக ஆங்கிலம் பேசும் பதின்வயதுப் பிள்ளை ஒன்று, பெரியவர்கள் ஒருவரோ இருவரோ. அந்தப் பிள்ளைக்கு வேலை, தாத்தா பாட்டிக்கு உடனுக்குடன் தமிழில் சொல்வது. இதைச் செய்யாவிட்டால் பெரியவர்கள் நாள் முழுக்கச் சும்மா நின்றுவிட்டு ‘நல்லா இருந்துச்சுப்பா’ என்று மட்டும் சொல்வார்கள். செய்துபாருங்கள், பேரப் பிள்ளை மொழிபெயர்க்கத் திணறும் கருவியின் தமிழ்ப் பெயரைத் தாத்தா எடுத்துக் கொடுப்பார்.

தொழிற்பட்டறைகளில் ஒவ்வொரு குழுவும் மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றிலும் ஐந்து நிமிடம் நிற்க மாட்டார்கள். எல்லாப் பட்டறையும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. அந்த வாரத்து நிகழ்ச்சி நிரலை இணையதளத்திலோ செயலியிலோ பார்த்துவிட்டே தேர்வு செய்யுங்கள்.

ஆட்களை எண்ணும் நேரம் நான்கு: வண்டி ஏறும்போது, ஜேம்ஸ்டவுனிலிருந்து கிளம்பும்போது, மாலை 4:15, திரும்பும்போது. எண்ணுகிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இரண்டு பேர் எண்ணினால் கணக்கு இரண்டாக வரும்.

## 8. வண்டியில் பதினைந்து நிமிடம், தமிழில்

ரிச்மண்டைத் தாண்டியதும் ஒருவர் எழுந்து பின்னணி சொல்லட்டும். ஐந்து ஆண்டுகள் போதும். 1607, ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறினார்கள். 1619, முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1699, தலைநகரம் வில்லியம்ஸ்பர்க்குக்கு மாறியது. 1776, விடுதலைப் பிரகடனம். 1781, யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது.

பெரியவர்களுக்குப் பிடிபட இன்னும் மூன்று சேதிகள் உதவும். ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு 32 ஆண்டுகள் கழித்து, 1639-இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கோட்டைக்கு இடம் பிடித்தது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ், 1786-இல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவரேதான். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1635-ஆம் ஆண்டு வர்ஜீனிய நில ஆவணம் ஒன்றில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து இந்த மண்ணுக்கு வந்தவர்களைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. இதைச் சொன்னதும் வண்டியில் தூங்கிக்கொண்டிருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

## 9. ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட், காலை 9 முதல் 12:30

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரைப்படத்துக்கும் காட்சிக்கூடத்துக்கும் போவார்கள். நீங்கள் நேராக வெளியே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு வெயில் இல்லை, கூட்டமும் இல்லை. குளிரூட்டிய கூடத்தைப் பதினொன்றரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பாஸ்பஹே என்ற பழங்குடியினரின் ஊர். பாய் வேய்ந்த வீடுகளுக்குள் குனிந்து போய்ப் பாருங்கள். தோல் பதப்படுத்துவது, கயிறு திரிப்பது எல்லாம் அங்கே நடக்கும். தொட்டுப் பார்க்கலாம். இங்கே வேலை செய்பவர்களோடு படம் எடுக்கும்முன் கேட்டுவிடுங்கள். பமங்கி, சிக்கஹாமினி போன்ற வர்ஜீனியப் பழங்குடிகள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். அழிந்துபோன மக்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசாதீர்கள், குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

அடுத்து கப்பல்கள். சூசன் கான்ஸ்டன்ட் 120 டன், காட்ஸ்பீட் 40, டிஸ்கவரி 20. கீழ்த்தளத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. 1606 டிசம்பரில் லண்டனை விட்டவர்கள் 1607 மே மாதம்தான் ஜேம்ஸ்டவுன் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில் இரண்டு நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். அந்த நாலரை மாதத்தைப் பலகையில் படிப்பதைவிட இப்படிச் சீக்கிரம் விளங்கும். பழுதுபார்ப்புக்காகவோ வேறு துறைமுகத்துக்கோ ஏதாவது கப்பல் போயிருக்கலாம், முன்பே பாருங்கள்.

கோட்டையில் திரித் துப்பாக்கி சுடும் நேரம் பலகையில் இருக்கும். அதைப் பார்த்து மற்றதைத் திட்டமிடுங்கள். சத்தம் பலமாக இருக்கும், கைக்குழந்தையோடு பின்னால் நில்லுங்கள். மழையில் திரி எரியாது, சுடவும் மாட்டார்கள்.

12:00-க்குச் சாப்பாடு, 12:30-க்கு எண்ணிக்கை, புறப்பாடு. பக்கத்தில் ஜேம்ஸ் ஆற்றைக் கடக்கும் இலவசப் படகு ஆசை காட்டும். போய்வந்தால் மதியம் போச்சு.

## 10. வில்லியம்ஸ்பர்க், பகல் 1 முதல் 5

வண்டியை வருகையாளர் மையத்தில் விட்டுவிடுங்கள். அங்கிருந்து உள்ளே போகப் பேருந்து உண்டு. ஊருக்குள் நிறுத்தப் போனால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், முக்கியத் தெருவில் பகலில் வண்டி விட மாட்டார்கள்.

ஒரு கோடியில் கேப்பிடல் என்ற சட்டமன்றக் கட்டடம், மறுகோடியில் 1693-இல் தொடங்கிய வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. இடையே டியூக் ஆஃப் குளோஸ்டர் தெரு சுமார் ஒரு மைல். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து திரும்பினால் பெரியவர்கள் கால் வலியில் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் நீதிமன்றத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே புல்வெளி, பக்கத்தில் 1715-இல் கட்டிய எண்கோண ஆயுதக் கிடங்கு. தொலைந்தவர்கள் வந்து நிற்க வேண்டிய இடமும் அதுவே.

முதலில் ஆளுநர் மாளிகை, எல்லோரும் சேர்ந்து. அங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், கடைசி நேரத்தில் வரிசை நீளும். நுழைந்ததும் முன்கூடத்தைக் கவனியுங்கள். சுவர் முழுக்கத் துப்பாக்கியும் வாளும் கோலம் போட்டதுபோல அடுக்கியிருக்கும். ராஜாவின் அதிகாரத்தை வாசலிலேயே காட்ட நினைத்திருக்கிறார்கள். இப்போதிருப்பது மறுகட்டுமானம், பழைய மாளிகை 1781-இல் எரிந்துபோனது.

இரண்டு மணியிலிருந்து 4:15 வரை சிறு குழுக்களாகப் பட்டறைகளுக்கு. நாளின் சாரம் இந்த இரண்டேகால் மணி நேரம்தான்.

கொல்லர் பட்டறையில் ஆணி செய்வதைப் பாருங்கள். கம்பியின் நுனி மஞ்சளாகச் சிவக்கும்வரை உலையில் வைக்கிறார். வெளியே எடுத்து நாலாபக்கமும் திருப்பித் திருப்பி அடித்துக் கூராக்குகிறார். பாதி வெட்டி, துளையிட்ட பட்டையில் செருகி, ஒடித்து, மேலே சில அடியில் கொண்டை. சூடு ஆறுமுன் முடிந்தாக வேண்டும், தவறினால் மறுபடி உலைக்குப் போக வேண்டும். ஓர் ஆணியோடு நகர்ந்துவிடாதீர்கள், மூன்று ஆணி பாருங்கள். மூன்றாவதில்தான் எந்த அடி எதற்கு என்று கண்ணுக்குப் பிடிபடும்.

துணிக்கடைக்கும் தையல்காரரிடமும் நம் குழுக்கள் கட்டாயம் போக வேண்டும். சோழமண்டலக் கரையில் அச்சிட்ட சீட்டித் துணியும் இந்தியப் பருத்தியும் அந்தக் காலத்தில் கடல்கடந்து இந்தக் கடைகள்வரை வந்திருக்கின்றன. ‘இதில் எந்தத் துணி இந்தியாவிலிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்கள் முகம் மலரும், பேச்சும் நீளும்.

## 11. யாரிடம் எப்படிப் பேசுவது

உடையணிந்தவர்கள் எல்லோரும் ஒரே வகை அல்ல. பட்டறைக்காரர்கள் இன்றைய மனிதர்களாகவே பேசுவார்கள். பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற நிஜத் தொழிலாளிகள் அவர்கள், எதையும் கேட்கலாம். இன்னொரு வகையினர் ஜெஃபர்சன், வாஷிங்டன் போன்ற வரலாற்று மனிதர்களாகவே வாழ்ந்து காட்டுபவர்கள். அவர்களுக்கு 1770-களுக்குப் பிறகு எதுவும் தெரியாது. செல்போனை நீட்டி ‘இது என்ன தெரியுமா’ என்று கேட்டால் உரையாடல் அங்கேயே கெட்டுவிடும். ‘வரி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்.

‘இது என்ன?’ என்பதைவிட ‘இது பழுதானால் என்ன செய்வீர்கள்?’, ‘இதைக் கற்க எத்தனை வருடம்?’, ‘மூலப்பொருள் எங்கிருந்து வரும்?’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கேள்வி எழுதிய துண்டுச் சீட்டு இருந்தால் கூச்சம் போய்விடும்.

## 12. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் கதையைத் தவிர்க்காதீர்கள்

18-ஆம் நூற்றாண்டு வில்லியம்ஸ்பர்க்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். மாளிகையும் பட்டறையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஊரில் பாதியைப் பார்க்கவில்லை என்று பொருள். அன்றைய நிரலில் இதைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றாவது இருக்கும், அதற்கு எல்லோரும் போங்கள். 1760-இல் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடம் இப்போது வரலாற்றுப் பகுதிக்குள் இருக்கிறது. கறுப்பினச் சிறுவர் சிறுமியர் படித்த பள்ளி அது.

நிகழ்ச்சி நடக்கும்போது செல்ஃபி வேண்டாம், சிரித்துப் பேச வேண்டாம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு என்ன பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் சிலர் பயந்து அழுவார்கள்.

## 13. இடி மழை வந்தால்

வெட்டவெளியில் நிற்கும் குழுவை உடனே உள்ளே கொண்டுபோங்கள். வில்லியம்ஸ்பர்க்கின் கலை அருங்காட்சியகங்கள் பெரிய கட்டடத்தில் இருக்கின்றன, அங்கே லிஃப்ட், உணவகம், கழிப்பறை எல்லாம் உண்டு. 25 பேர் ஒன்றாக ஒதுங்க அதைவிடத் தோதான இடம் ஊருக்குள் இல்லை. நடக்க முடியாத பெரியவர்களை மழை இல்லாவிட்டாலும் மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார வைக்கலாம். பழைய வீடுகளில் வாசல்படி உயரம், மாடிக்கு லிஃப்ட் கிடையாது.

## 14. திரும்புதல்

4:15-க்கு நீதிமன்றத்தின் முன் எண்ணிக்கை. எதிரே இருக்கும் மரத் தண்டனைக் கட்டையில் தலையையும் கையையும் நுழைத்துப் படமெடுக்க எல்லோருக்கும் ஆசை, அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். கட்டடங்கள் பெரும்பாலும் ஐந்து மணிக்கு மூடிவிடும், தெரு திறந்தே இருக்கும். அன்று குழல், முரசு அணிவகுப்பு இருந்தால் புல்வெளி ஓரம் உட்கார்ந்து பாருங்கள்.

வருகையாளர் மையத்தில் கழிப்பறை, பிறகு கடைசி எண்ணிக்கை. ஆறரைக்குள் வண்டி நகர்ந்தால் பத்து மணிக்குள் வீடு சேரலாம். ஓட்டுநர் உங்களில் ஒருவர் என்றால் காலையில் ஓட்டியவர் மாலையில் ஓட்டக் கூடாது. பகல் முழுக்க நடந்த ஆளுக்கு ஐ-95 இருட்டில் கண் சொருகும். மாற்று ஓட்டுநரை முந்தைய இரவே முடிவு செய்து, அவரை மதியம் அரை மணி நேரமாவது உட்காரச் சொல்லிவிடுங்கள்.